போஸ்ட்மார்ட்டத்துக்குப் பகடை உருட்டலாமா? (நீண்ட த்ரெட்)

1/ அக்கா பையன் காலேஜ் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனா சிங்கப்பெருமாள் கோயில்ல எங்க வீட்டு மொட்டை மாடியில நாலஞ்சு பசங்களோட உக்காந்து பகடை உருட்டுவான். தாயம் இல்ல. 'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்'னு பேரு. ஒருத்தன் கதையை நடத்துவான், மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா பேசுவாங்க. எடுத்த காரியம் ஜெயிக்குதா இல்லையான்னு பகடை சொல்லும்.

2/ போன மாசம் "மாமா, ஒரு டவுட்டு"ன்னு வந்தான். அவன் எழுதின கதை இது: மாமல்லபுரம் கடற்கரையில விடியக்காலை ஒரு ஆண் பிணம் ஒதுங்குது. விசாரிக்கிற கூட்டத்துல ஒருத்தர் டாக்டர். அவர் பகடையில ஜெயிச்சா "நேத்து ராத்திரி 9.20-க்குச் செத்தார், கழுத்தை நெரிச்சவன் இடது கைப் பழக்கக்காரன், ஆறடி உயரம்"னு தெரிஞ்சுடும். தோத்தா ஒண்ணுமே தெரியாது. "இப்படித்தானே மாமா?"

3/ ரெண்டுமே தப்புடான்னேன். ஜெயிச்சாலும் அவ்வளவு கிடைக்காது. தோத்தாலும் ஒண்ணுமே இல்லாம போகாது. "அப்ப நிஜத்துல என்னதான் கிடைக்கும்?"னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி அவனுக்குச் சொன்ன கதைகள்தான் இந்த த்ரெட். ஒண்ணைத் தவிர எல்லாம் நம்ம பக்கத்துல நடந்தது. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

4/ முதல் கதை, 1693 ஆகஸ்ட். சென்னை ஜார்ஜ் கோட்டை. கம்பெனி கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு உடம்பு சரியில்ல. சாமுவேல் பிரௌன்னு ஒரு சர்ஜன் மருந்து கொடுத்தார். வீலர் செத்துட்டார். எட்வர்ட் பல்க்லின்னு இன்னொரு சர்ஜன் உடலை அறுத்துப் பார்த்தார். இந்தியாவுல பதிவான முதல் சட்ட ரீதியான பிரேதப் பரிசோதனைன்னு எங்க பாடப் புத்தகத்துல இருக்கிறது இதுதான்.

5/ என்ன நடந்தது? மருந்தை இடிச்ச உரல்ல அதுக்கு முன்னாடி ஆர்செனிக் இடிச்சிருக்காங்க. சரியா கழுவல. பிரௌன் மேல வழக்கு வந்து, ஜூரி அவரை விட்டுட்டாங்க.

6/ இங்க கவனிக்க வேண்டியது அந்த உரல். உடம்புக்குள்ள இருக்கிற ஆர்செனிக்கை நம்பகமா பிரிச்சுக் காட்டுற சோதனையை ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்டது 1836-ல. வீலர் செத்து 143 வருஷம் கழிச்சு. அதனால 1693-ல கத்தியை வச்சு மட்டும் "ஆர்செனிக்"னு யாராலயும் பேர் சொல்ல முடியாது. உரலைப் பத்தி யாராவது வாயைத் திறந்தாதான் கதை முழுசாகும். நம்ம ஊர்ல பதிவான முதல் போஸ்ட்மார்ட்டத்துக்கே டாக்டர் மட்டும் போதல.

7/ இதை அந்தக் கால அரசாங்கமும் புரிஞ்சுக்கிச்சு. 1849-ல சென்னை மாகாணத்துல வேதியியல் பரிசோதனைக்குன்னு தனி ஆய்வகம் வந்தது. இந்தியாவுலயே அதுதான் முதல். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அப்புறம். 1857-ல சென்னை மருத்துவக் கல்லூரியில மருத்துவ சட்டவியலுக்குத் தனிப் பேராசிரியர் வந்தார்.

8/ இன்னைக்கும் அதே ஏற்பாடுதான். விஷம்னு சந்தேகம் வந்தா இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் இதுல இருந்தெல்லாம் துண்டு எடுத்து, உப்பு கரையாம அடியில நிக்கிற அளவுக்கு உப்புத் தண்ணி ஊத்தின பாட்டில்ல போட்டு, சீல் வச்சு, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். ரிப்போர்ட்ல "ஆய்வக முடிவு வரும் வரை கருத்து நிறுத்தி வைக்கப்படுகிறது"ன்னு எழுதுவோம். சினிமாவுல இந்த வரியை நீங்க கேட்டிருக்கவே மாட்டீங்க. எங்க மேசையில தினமும் எழுதற வரி இது.

9/ ரெண்டாவது கதை, 1952 ஆகஸ்ட் 28. ராயபுரம் கல்லறைச் சாலையில ஒரு வாடகை வீடு. பாரிமுனையில பேனாக் கடை வாசல்ல வியாபாரம் பண்ணிட்டிருந்த ஆளவந்தார் அந்த வீட்டுல கொல்லப்பட்டார். தலை தனி, உடல் தனி. உடலை ஒரு டிரங்குப் பெட்டியில அடைச்சு, எழும்பூர்ல இருந்து தனுஷ்கோடி போற போட் மெயில்ல ஏத்திவிட்டாங்க.

10/ எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயம். எழும்பூர்ல இருந்து தெற்கே போற அந்தத் தண்டவாளம் நம்ம சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் வழியாத்தான் போகுது. அந்தப் பெட்டியும் இதைத் தாண்டித்தான் செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சின்னு போச்சு. மறுநாள் நாத்தம் தாங்காம ஜனங்க சொல்ல, மானாமதுரையில பெட்டியை இறக்கித் திறந்தாங்க. உள்ள தலை இல்லாத உடல்.

11/ இப்ப ஆட்டத்துக்கு வருவோம். மானாமதுரை டாக்டர் பகடையில எவ்வளவு பெரிய எண் போட்டாலும், "இவர் பேரு ஆளவந்தார், சென்னை பாரிமுனை"ன்னு அந்த உடல் சொல்லியிருக்குமா? சொல்லாது. அந்த உடலுக்குப் பேர் கொடுக்க வேண்டிய விஷயங்க நானூறு கிலோமீட்டருக்கும் அந்தப் பக்கம் சென்னையில இருந்தது. ஆளைக் காணோம்ங்கிற தேடல் ஒரு பக்கம். ராயபுரம் கடற்கரையில கிடைச்ச தலை இன்னொரு பக்கம்.

12/ உடலும் தலையும் சென்னை மருத்துவக் கல்லூரியில ஒண்ணு சேர்ந்தது. தடயவியல் மருத்துவப் பேராசிரியர் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன் ரெண்டும் ஒரே ஆளோடதுதான்னு நிறுவினார். மனைவி அடையாளம் காட்டினார். ஆளவந்தார் முன்னாடி ராணுவத்துல வேலை பார்த்தவர், அங்க இருந்த கைரேகைப் பதிவும் பொருந்திச்சு. வெட்டினவங்க தலையை எடுத்துட்டாங்க, விரலை விட்டுட்டாங்க.

13/ பிரபாகர மேனன், தேவகி தம்பதி பம்பாயில பிடிபட்டாங்க. 1953-ல நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னாடி ஜூரி விசாரணை. மேனனுக்கு 7 வருஷம், தேவகிக்கு 3 வருஷம். கொலை வழக்குல ஏன் இவ்வளவு கம்மின்னு அன்னைக்கு ஊரே பேசிச்சு. அந்த வீட்டுக்குள்ள ஆளவந்தார் எப்படி நடந்துக்கிட்டார், எதுக்கு அடி விழுந்ததுன்னு சாட்சிகளும் வக்கீல்களும் சொன்னதை கோர்ட் எடை போட்டுக் கொடுத்த தீர்ப்பு அது.

14/ இங்க ரெண்டாவது பாடம். உடல் "யார்"ன்னு சொல்லும், "எப்படி"ன்னு ஓரளவு சொல்லும். "ஏன்"னு சொல்லவே சொல்லாது. பிணத்தைப் பார்த்துட்டு "இது பொறாமையில பண்ண கொலை"ன்னு சொல்ற டாக்டர் சினிமாவுலதான் இருப்பார்.

15/ நம்ம பக்கம் இல்லாத அந்த ஒரு கதை இதுதான். ஆனா குற்றவாளி நம்ம நாட்டுல பிறந்தவர், அதுவும் டாக்டர். பக் ரக்ஸ்டன், பம்பாய்ப் பார்சி, இங்கிலாந்து லங்காஸ்டர்ல கிளினிக் வச்சிருந்தார். 1935 செப்டம்பர்ல மனைவியையும் வீட்டு வேலைக்கார இளம்பெண்ணையும் கொன்னு, துண்டு துண்டாக்கி, ஸ்காட்லாந்துல மொஃபாட் பக்கத்துல ஓடைப் பள்ளத்துல வீசினார். உடற்கூறு படிச்சவராச்சே, அடையாளம் சொல்லக்கூடிய இடமா பார்த்து வெட்டி எடுத்துட்டார்.

16/ பேராசிரியர்கள் கிளெய்ஸ்டரும் பிராஷும் அந்தத் துண்டுகளை ரெண்டு உடலா பிரிச்சு அடுக்கினாங்க. மண்டையோட்டுப் படத்தை மனைவியோட பழைய போட்டோ மேல வச்சுப் பொருத்திப் பார்த்தாங்க. உடலில் இருந்த புழுக்களோட வளர்ச்சியை வச்சு இன்னொருத்தர் நாள் கணக்கு சொன்னார். ஆனா போலீஸை லங்காஸ்டர் பக்கம் திருப்பினது என்ன தெரியுமா? துண்டுகளைச் சுத்தியிருந்த செய்தித்தாள். அந்த வட்டாரத்துல மட்டும் வித்த பதிப்பு அது. டாக்டர் உடம்பைப் பத்தி யோசிச்சார், பேப்பரைப் பத்தி யோசிக்கல. 1936 மே மாசம் தூக்கு.

17/ மூணாவது உள்ளூர்க் கதை உங்க எல்லாருக்கும் தெரிஞ்சது. எங்க ஊர்ல இருந்து ஒரகடம் வழியா ஒரு ரோடு ஸ்ரீபெரும்புதூர் போகும். 1991 மே 21 ராத்திரி, ராஜீவ் காந்தி கூட்டத்துக்கு வந்த இடத்துல குண்டு வெடிச்சது. முதல் கேள்வி: குண்டு எங்க இருந்தது? மேடைக்கு அடியிலயா, பூமாலையிலயா, யாராவது எறிஞ்சாங்களா?

18/ பதில் சொன்னது உடல்கள். செத்துக் கிடந்தவங்கள்ல ஒரு பெண்ணோட தலை இருந்தது, கை கால் இருந்தது, நடு உடம்பு மட்டும் இல்ல. குண்டு கிட்டத்துல இருந்தா காயம் வரும். குண்டு உடம்போட ஒட்டி இருந்தாதான் இப்படி அந்தப் பகுதியே சிதறும். அப்போ தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநரா இருந்த பி. சந்திரசேகரன், சிதறின துணித் துண்டு, ஒயர், பேட்டரி, இரும்புக் குண்டுமணிகளை எல்லாம் சேர்த்து, அது இடுப்போட கட்டின பெல்ட் வெடிகுண்டுன்னு திரும்பக் கட்டிக் காட்டினார்.

19/ ஆனா அந்தப் பெண் யாரு? யாரோட வந்தாள்? அதை உடல் சொல்லல. குண்டுவெடிப்புலயே செத்துப்போன போட்டோகிராபர் ஹரிபாபுவோட கேமரா அங்கயே உடையாம கிடந்தது. உள்ள இருந்த பிலிமைக் கழுவினப்போ, மாலையோட காத்திருந்த அந்தப் பெண்ணும் சுத்தி நின்னவங்களும் அதுல இருந்தாங்க. விசாரணை அந்தப் படங்கள்ல பிடிச்சுத்தான் மேல போச்சு.

20/ உரல், கைரேகை, செய்தித்தாள், கேமரா. நாலு கதையிலயும் உடல் ஒரு பாதியைச் சொல்லியிருக்கு. மீதிப் பாதி மேசைக்கு வெளியில கிடந்தது. உடல் சொன்ன பாதி மட்டும் ரொம்ப உறுதியானது, ஏன்னா டாக்டர்கள் அதுக்கு மேல இழுத்துச் சொல்லல.

21/ இப்ப நம்ம மாப்பிள்ளையோட "9.20". நேரக் கணக்குக்கு நாங்க பார்க்கிறது உடம்பு குளிர்றது, விறைக்கிறது, ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்குறது, அழுகுறது, இரைப்பையில சோறு எந்த நிலையில இருக்குங்கிறது. வெள்ளைக்காரங்க புத்தகத்துல உடல் சூட்டை வச்சு அழகா கணக்குப் போட்டிருப்பாங்க. அவங்க ஊர் குளிர். மே மாசம் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டோரத்துல கிடக்கிற உடல் எங்க குளிரும்? வெளிய இருக்கிற சூடே உடம்புச் சூட்டுக்கு மேல.

22/ விறைப்பும் அப்படித்தான். நம்ம வெயில்ல சீக்கிரம் வந்து சீக்கிரம் போயிடும். செத்தவர் சாகறதுக்கு முன்னாடி ஓடினாரா, காய்ச்சல்ல இருந்தாரா, எவ்வளவு ஒல்லி, எல்லாத்தையும் பொறுத்து மாறும். அதனால நேர்மையான பதில் "இத்தனை மணியில இருந்து இத்தனை மணிக்குள்ள"ன்னுதான் வரும். நாள் ஆக ஆக அந்த இடைவெளி அகலமாகும்.

23/ கடல் பிணம்னா இன்னும் சிக்கல். தண்ணியில போன உடல் பெரும்பாலும் முதல்ல முங்கும். அழுகி உள்ள வாயு சேர்ந்த பிறகுதான் மேல வரும். நம்ம கோடையில அதுக்கு ஒரு நாள் வாக்குல ஆகும். நடுவுல பாறையில உரசியிருக்கும், மீன் கடிச்சிருக்கும். அந்தக் காயத்தையும் உயிரோட இருக்கும்போது பட்ட காயத்தையும் பிரிச்சுச் சொல்றதே பாதி வேலை. கழுத்தை நெரிச்சிருந்தா கழுத்துத் தசைக்குள்ள ரத்தக்கட்டு இருக்கலாம், நாவடி எலும்பு உடைஞ்சிருக்கலாம். இடது கையா, ஆறடியான்னு கேட்டா, மன்னிச்சுக்கப்பா.

24/ இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எனக்கே ஒரு தடவை சூடு பட்டிருக்கு. நான் தடயவியல்ல மேற்படிப்பு படிச்சவன் இல்ல. எம்.பி.பி.எஸ்.-ல ஒரு பாடமா படிச்சதுதான். ஆனா கல்லூரி இல்லாத அரசு ஆஸ்பத்திரிகள்ல பி.எம். பண்றது எங்களை மாதிரி டியூட்டி டாக்டருங்கதான். வேலைக்கு வந்த புதுசுல ஒரு ரிப்போர்ட்ல, இறந்து இத்தனை மணி நேரம்னு ரொம்பக் குறுகலா எழுதிட்டேன். எழுதும்போது பெருமையாக்கூட இருந்தது.

25/ ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்ல கூண்டுல நிக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடல. "டாக்டர், உடல் கிடந்தது வெயில்லயா நிழல்லயா? உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் ஃப்ரீசர்ல இருந்தது?" ரெண்டுமே நான் கேட்டு வைக்கல. கீழ நிக்கிற ஆளைப் பார்த்தேன். அந்த ஆள் எந்த நேரத்துல எங்க இருந்தார்ங்கிறதுதான் வழக்கே. நான் பெருமையா எழுதின அந்த எண்ணை நம்பி ஒருத்தர் உள்ள இருந்திருக்கார்.

26/ அன்னையில இருந்து போலீஸ்காரர் விசாரணை அறிக்கையோட வந்தா, கத்தியைத் தொடுறதுக்கு முன்னாடி கேள்விதான். எங்க கிடந்தது, எப்படிக் கிடந்தது, துணி ஈரமா, கடைசியா யார் பார்த்தா, எப்போ சாப்பிட்டார். அமெரிக்க சீரியல் மாதிரி நாங்க சம்பவ இடத்துக்குப் போறது ரொம்ப அபூர்வம். அந்த இடம் எங்களுக்குக் காகிதத்துலதான் வரும். கேட்டாதான் வரும்.

27/ இதெல்லாம் கேட்டுட்டு மாப்பிள்ளை சொன்னான், "மாமா, இந்தச் சண்டை எங்க ஆட்டத்துலயும் இருக்கு." 1981-ல சாண்டி பீட்டர்சன் எழுதின 'கால் ஆஃப் கதுல்ஹு'தான் துப்பறியற ஆட்டங்களுக்கு முன்னோடியாம். ஒவ்வொரு திறமைக்கும் நூத்துக்கு இவ்வளவுன்னு எண் இருக்கும், பகடை அதுக்குள்ள விழுந்தா தடயம் கிடைக்கும். விழலைன்னா? முக்கியமான தடயமே கிடைக்காம கதை அங்கேயே நின்னுடும்.

28/ கால் நூற்றாண்டு கழிச்சு ராபின் லாஸ்னு ஒருத்தர் 'கம்ஷூ'ன்னு வேற விதி எழுதினாராம். அந்தத் திறமை உள்ள ஆள் சரியான இடத்துல போய்த் தேடினா அடிப்படைத் தடயம் கட்டாயம் கிடைக்கும், பகடையே வேண்டாம். கிடைச்சதை எப்படிச் சேர்த்துப் புரிஞ்சுக்கிறதுங்கிறதுதான் ஆட்டம். கேட்டதும் எனக்கு ஆச்சரியம். ஒரு விளையாட்டுக்காரர் எங்க பிணவறையைச் சரியா புரிஞ்சு வச்சிருக்காரே!

29/ அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அவன் கதைக்கு விதி எழுதினோம்:
அ) டாக்டர் பாத்திரத்துக்கு அடிப்படை விஷயம் பகடை இல்லாமலே கிடைக்கும்.
ஆ) நேரம் எப்பவும் 'இதுக்கும் இதுக்கும் நடுவுல'. பகடை நல்லா விழுந்தா இடைவெளி கொஞ்சம் சுருங்கும், அவ்வளவுதான்.
இ) பதில் மூணு தவணை. மேசையில கொஞ்சம், ஆய்வகத்துல கொஞ்சம், பாக்கி மத்தவங்க கொண்டு வர்றதுல.
ஈ) டாக்டர் கேக்காத கேள்விக்குப் பதில் வராது.
உ) 'ஏன்'ங்கிறதுக்கு உடல்ல பதில் கிடையாது.

30/ போன ஞாயிறு ஆடினாங்க. நானும் ஓரமா உக்காந்திருந்தேன். டாக்டரா ஆடின பையன் "இறந்த நேரம் முந்தாநாள் மதியத்துல இருந்து நேத்து காலைக்குள்ள. விஷமான்னு இப்ப சொல்ல முடியாது"ன்னான். மத்தவங்க "என்னடா டாக்டர் நீ"ன்னு சலிச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பொண்ணு கேட்டா, "சரி, அவர் போட்டிருந்த செருப்பு எங்க?" ஆட்டம் அங்கதான் சூடு பிடிச்சது.

31/ இதை ஆட்டத்தோட விட்டுடலாம். ஆனா பிணவறை வாசல்ல நிக்கிற குடும்பமும் அதே சினிமாவைப் பார்த்துட்டுத்தான் வருது. ஏரியில மூணு நாள் கழிச்சுக் கிடைச்ச பையனோட அப்பா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "எத்தனை மணிக்கு சார் போனான்?" அன்னைக்குச் சாயங்காலம் பையன் போன் பண்ணியிருக்கான், அவர் எடுக்கல. அந்தப் போனுக்கு முன்னாடியா பின்னாடியான்னு தெரியணும் அவருக்கு. எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொன்னேன். நான் எதையோ மறைக்கிறேன்னுதான் அவர் நினைச்சிருப்பார்.

32/ அதனால ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல யாருக்கும் இந்த நிலைமை வர வேண்டாம். வந்தா, டாக்டர் "இப்ப சொல்ல முடியாது"ன்னா உடனே சந்தேகப்படாதீங்க. அதே சமயம் சும்மாவும் வந்துடாதீங்க. உறுதியா தெரிஞ்சது என்ன, பாக்கி என்ன, ஆய்வகத்துக்கு என்னென்ன போயிருக்கு, பி.எம். எண் என்னன்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. ரிப்போர்ட் நகலுக்கு மனு கொடுங்க. கடைசியா சாப்பிட்டது, போன் வந்த நேரம், பழைய வியாதி எல்லாத்தையும் நீங்களா போலீஸ்கிட்டயும் எங்ககிட்டயும் சொல்லுங்க. நாங்க கேக்க மறந்தாலும் சொல்லுங்க.

33/ ஏன்னா அந்த உரலைப் பத்தித் தெரிஞ்ச ஆள் பெரும்பாலும் வாசல்லதான் நிப்பார். த்ரெட் முடிஞ்சது. மாப்பிள்ளை அடுத்த கதைக்கு விஷம் பத்திக் கேட்டிருக்கான். அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை.